ஃபியூஸ் இல்லாமல் கிளம்பிய வண்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு முகூர்த்த நாள் காலை. மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது என் பட்டறை. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை, ஒரு நீள மேஜை, மூன்று வண்டி நிறுத்தும் அளவுக்கு இடம், அவ்வளவுதான். பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு வயரிங் வேலை மட்டும் செய்கிறேன். இன்ஜின் பக்கம் கை வைப்பதில்லை.

ஒரு பெண் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தாள் என்று எல்லாரும் கேட்பார்கள். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தேன். பத்து வருடம் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. அங்கே ஒருநாள் ஒருவர் தன் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "எல்லா மெக்கானிக்கும் கையை விரிச்சுட்டாங்க, நீங்க பாருங்களேன்" என்றார். பார்த்தேன், பிடித்துப் போனது. நாற்பது ஐம்பது வருடத்து வண்டிகளில் வயர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உறையை உரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிரும். அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பழைய நிறத்திலேயே புது வயர் இழுத்து, முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, துணிநாடா சுற்றி, கடைசியில் சாவியைத் திருப்பியதும் மின்சாரம் காட்டும் மீட்டரின் முள் லேசாக அசையும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

"போயும் போயும் பொம்பளைகிட்டயா வயரிங்கக் குடுத்திருக்கே?" என்று என் வாடிக்கையாளர்களைக் கேட்டவர்கள் உண்டு. என் காதுபடவே கேட்டிருக்கிறார்கள். அதனாலேயே என் வேலையில் ஒருத்தரும் ஒரு குறை சொல்லக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது. ஆறு வருடமாகச் சொல்லவும் இல்லை. அந்தக் காலை வரை.

வண்டிக்காரர் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். திருநகரில் குடியிருந்தார், ஏதோ அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சொந்த ஊர் டி. கல்லுப்பட்டியைத் தாண்டி ஆறேழு கிலோமீட்டர். ஒற்றை சிலிண்டர் பழைய வண்டி ஒன்றை வாங்கி, ஒரு வருடமாக ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்து ஓட வைத்திருந்தார். வயரிங் என்னிடம் வந்தது. அன்றைக்கு அவருடைய மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. அந்த வண்டியில்தான் பிள்ளையைக் கூட்டிப் போவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். வீட்டுப் பெரியவர்களும் சீர் சாமான்களும் விடியற்காலையிலேயே வேனில் போய்விட்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலமே வேலையை முடித்துவிட்டேன். காலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோது ஹாரன் அடித்ததும் ஃபியூஸ் போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. ஹாரனுக்குப் போகும் வயர் எங்கேயோ இரும்பில் தட்டுகிறது. எங்கே என்று பார்க்க, ஹெட்லைட் கூட்டுக்குள் போகும் வயர்களை எல்லாம் வெளியே உருவினேன். மூன்றாவது ஃபியூஸும் போயிற்று. கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் பலி கொடுக்க வேண்டாம் என்று, பேட்டரிப் பெட்டிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகினேன். சோதிக்கும்போது மட்டும் சில பேர் செய்வதுதான். செய்யக் கூடாது என்று நானே பத்துப் பேருக்குச் சொன்னதும்தான்.

தட்டிய இடம் கிடைத்தது, சரி செய்தேன். ஹாரன் அடித்தது. வயர்களைத் திரும்பக் கூட்டுக்குள் நுழைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவர், அவர் மனைவி, நாலு வயது மகள். பிள்ளைக்கு அரக்குப் பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ. வந்தவுடன் அவர் தன் போனை என் மேஜையில் சார்ஜில் போட்டார். "அக்கா, ஆச்சா? நல்ல நேரம் பத்தரைக்கு முடியுது" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். நான் அவசர அவசரமாக ஹெட்லைட்டை மூடி, திருகை முடுக்கி, பேட்டரிப் பெட்டியையும் மூடி, ஓட்டத்தில் அதிராமல் இருக்கட்டும் என்று அதன் திருகையும் பிளையரால் ஒரு சுற்று இறுக்கினேன்.

அவர் மனைவிதான் தயங்கினார். "அக்கா, இம்புட்டு தூரம், பிள்ளைய வச்சுக்கிட்டு... தாங்குமா?"

"கண்ணை மூடிக்கிட்டுப் போங்கம்மா. வயரிங்ல ஒரு குறை வராது" என்றேன்.

துண்டை நாலாக மடித்துப் பெட்ரோல் டேங்கின் மேல் போட்டு, பிள்ளையை அதில் உட்கார வைத்தார்கள். பட்டுப்பாவாடை டேங்கை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் விரிந்தது. பிள்ளை எனக்கு டாட்டா காட்டியது. வண்டி டுப்பு டுப்பென்று சந்தைத் தாண்டிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு சாமான்களை எடுத்து வைத்தேன். டீ வாங்கிக் குடித்தேன். மேஜையைத் துடைக்கலாம் என்று துணியை எடுத்தபோதுதான் பார்த்தேன். பெயின்ட் டப்பா மூடி ஒன்றில் அந்தக் கடைசிக் கண்ணாடி ஃபியூஸ் கிடந்தது. அதன் பக்கத்தில் புது ரப்பர் வளையம்.

அந்த வளையம் ஹெட்லைட் கூட்டின் துளையில் மாட்ட வேண்டியது. கூடு தகரம், துளையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். ரப்பர் இல்லாவிட்டால், ஹேண்டிலைத் திருப்பத் திருப்ப அந்த விளிம்பு வயரை அறுக்கும். அதே துளை வழியாகத்தான் பேட்டரியிலிருந்து மீட்டருக்குப் போகும் கனத்த வயரும் போகிறது. சாவியை அணைத்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். அது தகரத்தில் தட்டினால் ஃபியூஸ் போய்விடும், வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். ஃபியூஸ் எதற்கு இருக்கிறது? இதற்குத்தான். ஆனால் அங்கே ஃபியூஸ் இல்லை, நான் சொருகிய செம்புக் கம்பி இருக்கிறது. அது போகாது. வயர் முழுவதும் பழுக்கும். அந்த வயர் போவது பெட்ரோல் டேங்கின் அடியில். டேங்கின் மேல் பிள்ளை.

உடனே அவருடைய நம்பருக்குப் போட்டேன். மணி அடித்தது. என் முதுகுக்குப் பின்னாலேயே அடித்தது. அவர் போன் சார்ஜிலேயே கிடந்தது.

அவர்கள் கிளம்பி அரைமணி நேரம் ஆகியிருக்கும். பிளையர், வயர் வெட்டும் கட்டர், அந்த ஃபியூஸ், அந்த வளையம், இரண்டு போன் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டரை எடுத்தேன். பட்டறையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை.

பழைய வண்டி, அதுவும் பிள்ளையை வைத்துக்கொண்டு, நாற்பதுக்கு மேல் போகமாட்டார். நான் அறுபதில் போனால் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஊருக்குள் அறுபதில் எங்கே போக? அன்றைக்குப் பார்த்து எல்லா மண்டபத்திலும் கல்யாணம். அவனியாபுரத்தில் ஒரு மண்டபத்து வாசலில் கார்கள் குறுக்கும் நெடுக்கும் நின்றன. ஒருவர் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. யாரோ திட்டினார்கள். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. எதிரே எந்த வண்டி வந்தாலும் அதில் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். முன்னால் ஏதாவது விபத்தைப் பார்த்துவிட்டு வருகிற முகமா என்று.

திருப்பரங்குன்றத்தைத் தாண்டியதும் பைக்குள் அவருடைய போன் அடித்தது. ஓரம் கட்டி எடுத்தேன். திரையில் 'மாப்ள' என்று இருந்தது. அவரோடு ஓரிரு முறை பட்டறைக்கு வந்திருந்த, மனைவியின் தம்பி. பிள்ளையின் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும்.

"மச்சான், எங்க வாரீக?" என்றார்.

அந்த ஒரு நொடியை நான் இன்றைக்கும் ஆயிரம் முறை நினைத்துப் பார்க்கிறேன். தம்பி, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் கோயிலில் கூடியிருக்கும் அத்தனை சொந்தக்காரர்களும் கண்முன் வந்தார்கள். நான் சொன்ன மறு நிமிடம் அத்தனை பேருக்கும் தெரியும். அதற்குத்தான் பொம்பளைகிட்ட குடுக்காதேன்னு சொன்னேன் என்று ஒருவராவது சொல்வார். எப்படியும் நானே பிடித்துவிடுவேன், போய் நைசாக மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

"நான் வயரிங் பட்டறை அக்கா பேசுறேன் தம்பி. உங்க மச்சான் போனை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாரு. எடுத்துக்கிட்டு வாரேன். உங்க அக்காவுக்குப் போன் போட்டு, எங்கயாவது ஓரமா நிக்கச் சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "அக்கா போனு எங்க அம்மாகிட்டல்ல இருக்கு, இங்க வேன்ல வந்துருச்சு. ஒரு போனுக்கா இம்புட்டு தூரம் வாரீக? விடுங்கக்கா, நாளைக்கு வந்து வாங்கிக்குவாரு." பின்னால் மேளச் சத்தம். வைத்துவிட்டார்.

சரி, திரும்பக் கூப்பிடலாம் என்று போனைப் பார்த்தால் அது பூட்டிக்கொண்டுவிட்டது. நான்கு எண் கேட்டது. எனக்கு எப்படித் தெரியும்? தாய்மாமனுடைய நம்பரும் திரையில் இல்லை, 'மாப்ள' என்ற பெயர் மட்டும்தான். அந்தக் குடும்பத்தில் வேறு யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. உதவிக்கு இருந்த ஒரே கதவை நானே சாத்தியிருந்தேன்.

ரோட்டோரத்தில் நின்று, பூட்டிய போனைப் பார்த்துக்கொண்டு, 'திரும்பக் கூப்பிடு, திரும்பக் கூப்பிடு' என்று வாய்விட்டுச் சொன்னேன். அது அடிக்கவில்லை. நிற்க நேரமும் இல்லை. போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன், அடித்தால் தெரியட்டும் என்று.

கப்பலூரில் வரிசையாக நின்ற லாரிகளின் இடுக்கில் புகுந்து போனேன். திருமங்கலத்துக்குள் நுழைந்ததும் ஒரு டீக்கடையில் நிறுத்திக் கேட்டேன். பழைய வண்டிக்கு ஒரு நல்லது, ஒருமுறை சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். டீ மாஸ்டர் உடனே சொன்னார்.

"டேங்க்ல பட்டுப்பாவாடைப் புள்ள இருந்துச்சே, அந்த வண்டிதானே? இங்கதான் நின்னாங்க. புள்ளைக்குப் பால் வாங்கிக் குடுத்தாங்க. இப்பத்தான் போறாங்க, பத்து நிமிஷம் இருக்கும்."

எனக்கு உயிர் வந்தது. வண்டியைக் கிளப்பப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"கிளம்பறப்ப ஹேண்டில ஒடிச்சாரு பாருங்க, ஹாரன் தானா அடிச்சுச்சு. நிக்கவே மாட்டேங்குது. அப்புறம் நேராக்குனதும் நின்னுச்சு. வண்டிக்கு நம்ம ஊர விட்டுப் போக மனசில்லைன்னு சொல்லிச் சிரிச்சோம்."

ஹாரன் தானாக அடிக்கிறது என்றால், ஹாரன் பொத்தானுக்குப் போகும் மெல்லிய வயரின் உறை அறுந்து தகரத்தில் தட்டுகிறது. அந்த விளிம்பு வேலையைத் தொடங்கிவிட்டது. அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் கனத்த வயர். அடுத்தது அது.

கல்லுப்பட்டி ரோட்டில் திரும்பினேன். இரண்டு பக்கமும் கரிசல் காடு, வெட்டவெளி, காற்று. ரோடு நேராகக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் அந்த வண்டி இல்லை. என் ஸ்கூட்டரை அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி முறுக்கியதில்லை. நேரான ரோடு என்பதில் ஒரு ஆறுதல், ஹேண்டிலை அதிகம் திருப்பமாட்டார். ஆனால் எங்கேயாவது நிறுத்தினால்? ஊருக்குள் ஒடித்துத் திருப்பினால்? கோயிலுக்குப் பிரியும் மண் ரோட்டில் பள்ளத்தைத் தவிர்த்துத் தவிர்த்து ஓட்டினால்? மனம் அந்தப் பட்டுப்பாவாடையையே காட்டியது. பட்டு எப்படிப் பற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நெஞ்சில் போன் அதிர்ந்தது. ரோட்டில் இருந்து இறங்கி, ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு எடுத்தேன். அதே தாய்மாமன்.

"யக்கா, நீங்க வர்ற வழியில அவுகளப் பாத்தா, கொஞ்சம் வெரசா வரச் சொல்லுங்க. நல்ல நேரம்..."

"தம்பி, போனை வச்சுறாதீங்க" என்று கத்தினேன். "நான் அப்பச் சொன்னது பொய். அந்த வண்டி வயரிங்ல நான் தப்புப் பண்ணிட்டேன். டேங்குக்கு அடியில தீப்பிடிக்கும். புள்ள டேங்க் மேல இருக்கு. நான் பின்னால வாரேன், எனக்கு எட்டலை. நீங்க எதிர்ல வந்து நிறுத்துங்க. முதல்ல புள்ளையத் தூக்குங்க, அப்புறம்தான் பேச்சு. சாவியை அணைச்சா போதாது, பேட்டரி வயரைப் பிடுங்கணும்."

"தீயா?" என்றார். அவர் ஓடுவது மட்டும் போனில் கேட்டது. மேளச் சத்தம் தேய்ந்து, ஒரு பைக் கிளம்பும் சத்தம். அப்படியே தொடர்பு அறுந்தது.

நான் ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தி மறுபடி ஓட்டினேன். அழுதுகொண்டே ஓட்டினேன் என்று பிறகுதான் தெரிந்தது, முகமெல்லாம் புழுதி ஒட்டியிருந்தது.

கல்லுப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சின்னப் பாலத்தின் அருகே ரோட்டோரத்தில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. நெருங்க நெருங்க, ஹெட்லைட்டில் இருந்து சாம்பல் நிறப் புகை.

நடந்ததைப் பிறகு சொன்னார்கள். தாய்மாமன் எதிரே வந்து, ரோட்டுக்கு நடுவிலேயே பைக்கைக் குறுக்கே விட்டு நிறுத்தியிருக்கிறார். வண்டிக்காரர் என்னவென்று கேட்பதற்குள் பிள்ளையை டேங்கில் இருந்து பறித்துத் தூக்கியிருக்கிறார். பிள்ளை வீறிட்டிருக்கிறது. வண்டியை ஓரம் கட்டலாம் என்று இவர் ஹேண்டிலை ஒடித்த அந்த நேரத்தில், ஹாரன் அடித்திருக்கிறது, சட்டென்று இன்ஜின் அடங்கியிருக்கிறது, டேங்குக்கு அடியில் இருந்து புகை வந்திருக்கிறது. பிள்ளையைத் தூக்கியதற்கும் புகை வந்ததற்கும் நடுவே எத்தனை நொடி என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

நான் போனபோது தாய்மாமன் கை கையாக மண்ணை அள்ளி ஹெட்லைட்டின் மேல் போட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் பேட்டரிப் பெட்டியின் திருகோடு மல்லாடிக்கொண்டிருந்தார். விரல் தோல் உரிந்து ரத்தம். அது அசையவில்லை. எப்படி அசையும்? பிளையர் வைத்து இறுக்கியவள் நான். புகை டேங்குக்கு அடியில் வழிந்து பின்பக்கம் வந்துகொண்டிருந்தது. பெட்ரோல் குழாயில் இருந்து வயருக்கு ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

"தள்ளுங்க தம்பி" என்று அவரை இடித்துவிட்டு உட்கார்ந்தேன். பிளையரால் திருகைப் பிடித்தேன், வழுக்கியது. மறுபடி பிடித்தேன். திரும்பியது. மூடியைப் பிடுங்கி எறிந்தேன். உள்ளே வயரின் உறை கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. கட்டரை அதன் இடுக்கில் நுழைக்க முடியவில்லை. இடது கையால் வயரை வெளியே இழுத்துப் பிடித்து, வலது கையால் வெட்டினேன். டப்பென்று ஒரு பொறி. அவ்வளவுதான். புகை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது.

உருகிய உறை இடது உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அப்போது வலிக்கவில்லை. நான் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளையின் அம்மா கொஞ்சம் தள்ளி, பாலத்துக் கட்டையோரம் பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றார். தாய்மாமன் அவரிடம் ஏதோ சொன்னார். அவர் மெதுவாக என்னிடம் வந்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முதல்ல போன்ல போனை விட்டுட்டாருன்னு சொன்னீங்களாமே?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"அப்பவே சொல்லியிருந்தா என் தம்பி அப்பவே வந்திருப்பான்லக்கா. அதுக்கப்புறமும் இருபது நிமிஷம் என் பிள்ளை அதுமேலதான உக்காந்து வந்துச்சு?"

குரலை உயர்த்தவே இல்லை. தப்பு என்றால் அவசரத்தில் நடந்தது என்று சொல்லலாம். பொய்யை எந்த அவசரத்தில் சேர்ப்பது? "மன்னிச்சுருங்கம்மா" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பிள்ளையின் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து என் உள்ளங்கையில் ஊற்றினார், தண்ணீர் தீரும் வரைக்கும். ஊற்றிவிட்டு, "இனிமே எங்க வண்டியத் தொடாதீங்க" என்றார்.

நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. தாய்மாமன் அக்காவையும் பிள்ளையையும் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். வண்டிக்காரர் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றார். என் ஸ்கூட்டர் சாவியை அவரிடம் கொடுத்தேன். "நீங்க போங்க தம்பி. வண்டிக்கு நான் காவல் இருக்கேன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வெயிலில், அந்தக் கரிந்த வண்டியின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தேன். கறுத்துப்போன துளையின் விளிம்பில் செம்பு இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆறு வருடமாக நான் செய்த நல்ல வேலைகள் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

மதியம் அவர் திரும்பி வந்தார், கையில் ஒரு பொட்டலத்தோடு. வாழை இலையில் கட்டிய கறிச்சோறு. "காது குத்தியாச்சு. அழுதுச்சு, அப்புறம் சரியாயிருச்சு" என்றார். பொட்டலத்தை நீட்டி, "அவதான் கட்டிக் குடுத்தா" என்றார். என் மேல் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சோற்றைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு வாய்கூட இறங்கவில்லை.

வண்டியைக் குட்டியானை லாரியில் ஏற்றி அவருடைய ஊருக்கே அனுப்பினோம். மதுரையிலும் விஷயம் பரவியது. நான் பயந்தபடியே பேசினார்கள். இரண்டு பேர் பாதி வேலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் யாரிடமும் மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கு நடந்ததை அப்படியே சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து. அதைச் சொல்வதுதான் ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருந்தது.

ஐப்பசியில் வண்டிக்காரர் வந்தார். வண்டி அப்படியே கிடக்கிறது, வேறு ஒருவரிடம் கொடுக்க மனம் வரவில்லை, ஆனால் வீட்டில் ஒரு நிபந்தனை என்றார். வேலை அவர்கள் ஊரில், அவர் மனைவியின் கண்முன்னால் நடக்க வேண்டும். போனேன். அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். காலையில் இருந்து சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. இது என்ன வயர், இது எங்கே போகிறது, இது அறுந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு கேள்விக்கு எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, "தெரியலம்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் முதல்முறையாக லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

வேலை முடிந்ததும், "நீங்க ஓட்டுங்க" என்றார் அவர் மனைவி. நான் வண்டியைக் கிளப்பினேன். யாரும் எதிர்பார்க்காதபோது அவர் வந்து என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஊரைச் சுற்றி, கண்மாய்க் கரை வழியாக, நாலைந்து கிலோமீட்டர் போனோம். வேண்டுமென்றே ஹேண்டிலை இடது வலதாக ஒடித்து ஒடித்து ஓட்டினேன். அவர் ஒரு கையை என் தோளில் வைத்திருந்தார்.

என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. தப்புச் செய்யாத கை எனக்கு இனிமேலும் வாய்க்கப் போவதில்லை. ஆனால் தப்பு தெரிந்த அந்த நிமிடத்திலேயே, யார் என்ன நினைப்பார்கள் என்று யோசித்து மறுபடியும் வாயை மூடிக்கொள்வேனோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு வண்டியையும் வாசலைத் தாண்டி அனுப்புகிறேன், அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றே வேண்டிக்கொள்கிறேன்.